அரசருக்கு அஞ்சாத பேராயர்

உயிர் நண்பர்களாயிருந்து எதிரிகளாக மாறிய இருவரின் வரலாறு இது. ஒருவர் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி. மற்றவர் புனித தாமஸ் பெக்கெட்.

தாமஸ் லண்டன் மாநகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். கான்டர்பரிப் பேராயர் தியோபால்டிடம் பணியாற்றி அறிவாலும் திறமையாலும் உயர்ந்தார். 1155-ஆம் ஆண்டு மன்னர் அவரைச் சான்சலராக நியமித்தார். இருவரும் சேர்ந்து வேட்டைக்குச் சென்றனர், சேர்ந்து விருந்துண்டனர். தாமஸின் ஆடம்பர வாழ்வைக் கண்டு நாடே வியந்தது.

நண்பரே பேராயரானால் திருச்சபையும் தம் கைக்குள் அடங்கிவிடும் என்று மன்னர் கணக்கிட்டார். 1162-இல் தாமஸ் கான்டர்பரிப் பேராயரானார். ஆனால் நடந்ததோ வேறு! சான்சலர் பதவியை உதறிவிட்டு, திருச்சபையின் உரிமைகளுக்காக மன்னரையே எதிர்த்து நின்றார்.

அக்காலத்தில் குற்றம் செய்த குருக்களைத் திருச்சபையின் நீதிமன்றமே விசாரித்தது. கொலைக் குற்றத்துக்குக்கூட அங்கே மரண தண்டனை இல்லை. அவர்களையும் அரசு தண்டிக்க வேண்டும் என்றார் மன்னர். அவர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஒரே குற்றத்திற்கு இருமுறை தண்டிப்பது முறையன்று என்றார் தாமஸ். 1164-இல் கிளாரண்டனில் மன்னர் வகுத்த 16 விதிகள், அவர் அனுமதியின்றி உரோமைக்கு முறையிடுவதையும் தடுத்தன. தாமஸ் முதலில் இணங்கினார். பின்னர் மனம் வருந்தி மறுத்தார். அதே ஆண்டு பிரான்சுக்குத் தப்பிச் சென்று, ஆறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார்.

ஒருவாறு சமாதானமாகி, 1170 டிசம்பரில் தாயகம் திரும்பினார். அதே மாதம் 29-ஆம் நாள் மாலை, மன்னரின் கோபத்தைக் கட்டளையாகக் கொண்ட நான்கு வீரர்கள் பேராலயத்திற்குள்ளேயே அவரை வெட்டிக் கொன்றனர். அவர் உடலின் மேல் முரட்டு உரோம ஆடை இருக்கக் கண்டு துறவிகள் கண்ணீர் வடித்தனர்.

1173-இல் பாப்பரசர் மூன்றாம் அலெக்சாண்டர் அவரைப் புனிதராக அறிவித்தார். மறு ஆண்டு, வல்லமை மிக்க அந்த மன்னர் வெறுங்காலுடன் கல்லறைக்கு நடந்து வந்து, துறவிகளிடம் கசையடி பெற்றுப் பரிகாரம் செய்தார். குருக்களை அரசு நீதிமன்றத்தில் நிறுத்தும் முயற்சியையும் பெரும்பாலும் கைவிட்டார்.

1215-இல் மன்னர் ஜான் முத்திரையிட்ட மகா சாசனத்தின் முதல் விதியே, இங்கிலாந்துத் திருச்சபை சுதந்திரமாயிருக்கும் என்பதுதான். மன்னரின் அதிகாரத்திற்கும் எல்லை உண்டு என்ற எண்ணம் மேலை நாடுகளில் வேரூன்ற இத்தகைய போராட்டங்களும் காரணமாயின.

1538-இல் எட்டாம் ஹென்றி அப்புனிதரின் கல்லறையை இடித்துத் தள்ளினார். கல்லை இடிக்க முடிந்தது. அவர் நினைவை அழிக்க முடியவில்லை.

அன்புத் தோழியரே, பகைவரை எதிர்ப்பது எளிது. அன்பு நண்பரிடம் மனச்சான்றுக்காக மறுப்புச் சொல்வதே அரிது. அந்தத் துணிவை நாமும் இறைவனிடம் வேண்டுவோம்!