கூலியின் குற்றமா, குட்டையின் குற்றமா?

போர்ட் கிள்ளானுக்கு 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்து இறங்கிய துறைமுகங்களில் இதுவும் ஒன்று. இன்று உலகமே அறிந்த இந்தத் துறைமுகம், திறந்த சில மாதத்திலேயே மூடப்படும் நிலைக்கு வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைக் காப்பாற்றியவர் பீரங்கி பிடித்தவரல்ல, பட்டம் ஆண்டவரல்ல. கானும் கரையும் போடச் சொன்ன ஒரு டாக்டர். மால்கம் வாட்சன் என்று பெயர். தோட்டத்துப் பாட்டாளிகளான நாம் அவர் கதையைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

1873-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தவர் அவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1900-ல் மலாயா அரசாங்கத்து வேலைக்கு வந்தார். 1901 ஜனவரியில் கிள்ளான் மாவட்ட டாக்டராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு 27 வயது.

அவர் வந்த நேரம் கிள்ளானில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் புதுத் துறைமுகம் திறந்தார்கள். கண்டல் காட்டையும் சேற்றையும் வெட்டி, ரயில் தண்டவாளம் போட்டு, கப்பல் மேடை கட்டிய இடம் அது. திறந்த கையோடு அங்கேயும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. துறைமுகக் கூலிகள் விழுந்தார்கள், ரயில்வேக்காரர்கள் விழுந்தார்கள், கப்பலில் வந்தவர்களும் விழுந்தார்கள். மூடிவிடலாமா என்று மேலிடத்தில் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சாகிறவர்களைப் பற்றி அந்தக் காலத்து துரைமாரும் அதிகாரிகளும் என்ன நினைத்தார்கள்? ஊரிலிருந்து வரும்போதே நோஞ்சானாக வந்தவன் என்றார்கள். அழுக்கில் கிடக்கிறவன், கள்ளுக் குடிக்கிறவன், சரியாகச் சாப்பிடாமல் காசை முடிந்து வைக்கிறவன் என்றார்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு லயத்தில் படுத்துக் கிடந்தவன் சோம்பேறி. பெரட்டுக்கு வராதவனுக்கு அன்றைய சம்பளம் இல்லை. செத்துப் போனால் விதி. இப்படிப் பழியைச் செத்தவன் தலையிலேயே போட்டுவிட்டால் ஒரு வசதி உண்டு தோழர்களே. இருக்கிறவன் எவனும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை!

வாட்சன் வேறு மாதிரி யோசித்தார். அவர் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 1897-ல், இந்தியாவில் செகந்தராபாத்தில் வேலை பார்த்த ரொனால்ட் ராஸ் என்ற டாக்டர், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றுக்குள்ளே கண்டுபிடித்திருந்தார். அது புதுச் சங்கதி. சதுப்பு நிலத்து விஷக்காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பியவர்கள் அப்போது நிறையப் பேர். வாட்சன் ராஸ் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். காய்ச்சல் கொசுவால் வருகிறது, கொசு தண்ணீரில் பிறக்கிறது, அப்படியானால் தண்ணீரை வடித்துவிட்டால் என்ன என்று கணக்குப் போட்டார்.

அரசாங்கத்திடம் பணம் கேட்டார். காட்டை வெட்டி, குட்டையை மூடி, கான் வெட்டச் சொன்னார். துறைமுகத்தில் கடல் தண்ணீர் ஏறாமல் கரை போட்டார்கள். மண்வெட்டி பிடித்தவர்கள் எல்லாம் கூலியாட்கள்தான், அதையும் நாம் மறக்கக் கூடாது. பலன் என்ன? 1901-ல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்துக் காய்ச்சலால் செத்தவர்கள் 368 பேர். 1902-ல் 59 பேர். அதற்கடுத்த ஆண்டு 46 பேர். அதே ஜனம், அதே சோறு, அதே கள்ளுக்கடை. மாறியது தரை மட்டும்தான்!

பிறகு அரசாங்க வேலையை விட்டு, தோட்டங்களுக்கு டாக்டராகப் போனார் வாட்சன். ரப்பருக்கு நல்ல விலை வந்த காலம். கப்பல் கப்பலாக ஆள் இறக்கினார்கள். 1911-ல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளிக்கு 60 பேருக்கு மேல் ஒரே ஆண்டில் செத்தார்கள். நூறு பேர் உள்ள லயத்தில் வருஷத்துக்கு ஆறு பாடை கிளம்பியது என்று நினைத்துப் பாருங்கள்.

அங்கே வாட்சன் செய்த காரியம்தான் நம் மனதில் நிற்க வேண்டியது. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, இடது விலாவுக்குக் கீழே கையால் அமுக்கிப் பார்த்தார். மலேரியா அடிக்கடி வந்த பிள்ளைக்கு அங்கே மண்ணீரல் வீங்கியிருக்கும், தொட்டாலே தெரியும். எந்த லயத்தில் எத்தனை பிள்ளைக்கு வீக்கம் என்று எழுதிக்கொண்டே போனார். ஒரே தோட்டம்தான். ஆனால் காட்டையும் சதுப்பையும் ஒட்டிய லயத்தில் பிள்ளைகளுக்கு வீக்கம், தள்ளியிருந்த லயத்தில் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். குடியிருப்பை அங்கிருந்து அரை மைல் தள்ளிப் போட்டால் பாதுகாப்பு என்று அவர் சொன்னார்.

ஒரே கப்பலில் வந்த ஜனம், ஒரே துரைக்கு வேலை செய்த ஜனம். ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் சுகம். இனி கூலியின் ஒழுக்கத்தைக் குற்றம் சொல்ல வழியுண்டா? லயத்தை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தது கூலி அல்லவே!

அதற்குப் பிறகும் சோதனை தீரவில்லை. கிள்ளான் கரையில் பலித்த வைத்தியத்தை மலைப் பக்கத்துத் தோட்டங்களில் செய்தபோது, காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது. காரணம், அங்கே இருந்தது வேறு கொசு. சமவெளிக் கொசுவுக்கு நிழலும் சதுப்பும் வேண்டும். மலைக் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைத் தண்ணீர் வேண்டும். காட்டை வெட்டி வெயிலை விட்டதும் அது பெருகிவிட்டது. அதற்கு வாட்சன் நிலத்தடியில் குழாய் பதித்து ஊற்றுத் தண்ணீரை வெளியே தெரியாமல் ஓட்டும் வழியைக் கையாண்டார். இன்றைய சுபாங் ஜெயா வட்டாரத்தில் இருந்த சீபீல்ட் தோட்டத்தில் அந்த வேலை நடந்தது. பின்னாளில் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தது.

வாட்சனைச் சாமியாக்க வேண்டியதில்லை. அவர் தொழிலாளிக்காகக் கொடி பிடித்தவரல்ல. தோட்ட முதலாளிகளிடம் சம்பளம் வாங்கியவர். ஆள் செத்தால் எத்தனை நாள் வேலை கெடும், கான் வெட்டினால் எவ்வளவு மிச்சம் என்று வெள்ளிக் கணக்குச் சொல்லித்தான் துரைமாரைச் சம்மதிக்க வைக்க முடிந்தது. கூலி உரிமைக்கு வேறு ஆட்கள் போராட வேண்டியிருந்தது. ஆனாலும் நோயாளியைத் திட்டுவதற்கு முன்னால் நோய் எங்கே பிறக்கிறது என்று நடந்து போய்ப் பார்த்தார் பாருங்கள், அந்த நேர்மை பெரியது. 1924-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1928-ல் பிரிட்டனுக்குத் திரும்பி, லண்டனில் ராஸ் பெயரால் அமைந்த ஆய்வுக் கழகத்தில் வேலை செய்தார். 1955 டிசம்பரில் காலமானார்.

இந்தப் பழைய கதை இன்று நமக்கு எதற்கு? அந்தப் பழிச்சொல் இன்னும் சாகவில்லை, அதற்காகத்தான். 2024 கடைசியில் தனியார் மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் 40 முதல் 70 விழுக்காடு வரை ஏறப் போகிறது என்று பேச்சு வந்தது. பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைப் பல ஆண்டுக்குப் பிரித்துப் போட வைத்தது. அந்த விவாதத்தில் என்ன கேட்டோம்? ஜனங்கள் தொட்டதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள், சீனி தின்கிறார்கள், உடம்பைக் கவனிப்பதில்லை என்று கேட்டோம். சீனியைக் குறைக்க வேண்டியதுதான், யார் இல்லையென்றது? ஆனால் இரண்டு வேலை பார்த்து ராத்திரி பத்து மணிக்கு வீடு வருகிறவன் எங்கே ஓடி உடற்பயிற்சி செய்வான்? ஆஸ்பத்திரி பில் ஏன் ஏறுகிறது என்று கேட்பவர் எத்தனை பேர்? இதுவும் லயத்தை விட்டுவிட்டு ஆளைத் திட்டுகிற கதைதானே!

சொக்சோ சட்டம் 1969-ல் வந்ததே, அதன் அருமை இதில்தான் இருக்கிறது. வேலையில் அடிபட்டவனைப் பார்த்து முதலில் உன் தவறா என் தவறா என்று அது வழக்காடுவதில்லை. எல்லோரும் கட்டுகிறோம், விழுந்தவனைத் தூக்குகிறோம். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்தும் சேர்த்தி. வாயை மூடிக்கொண்டு சொந்தக் காசில் வைத்தியம் பார்க்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கசந்தாலும் சரி. சங்க வேலையாகப் போகிற செம்பனைத் தோட்டங்களில் இன்று வங்காளதேசத்து, இந்தோனேசியத் தோழர்களைப் பார்க்கிறோம். காய்ச்சலில் படுத்தால் அவர்களைப் பற்றி நம் ஆட்களே பேசுவதையும் கேட்கிறோம். அழுக்குப் பயல்கள், நோயைக் கொண்டு வந்தவர்கள், நம் ஆஸ்பத்திரியை நிரப்புகிறவர்கள்! நம் தாத்தாவைப் பார்த்து துரை சொன்ன அதே வார்த்தை, இப்போது நம் வாயிலிருந்தே வருகிறது. 2019 ஜனவரி முதல் சட்டப்படி வந்த வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோவில் இடம் உண்டு. சட்டம் கொடுத்த இடத்தை நம் மனதும் கொடுக்கட்டும்.

அடுத்த முறை யாராவது உடம்புக்கு முடியாமல் படுத்தால், அவன் என்ன தின்றான், என்ன குடித்தான் என்று ஆராயும் முன் அவன் குடியிருப்பைப் போய்ப் பார்ப்போம். கான் அடைத்திருக்கிறதா? குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள்? மருந்தடிக்கும்போது கையுறை கொடுத்தார்களா? இதைக் கேட்பதற்கு டாக்டர் படிப்புத் தேவையில்லை. நாலு பேராகப் போய்க் கேட்டால் போதும்.