கேள்வி கேட்கக் கற்பித்த குரு

வரலாற்றுப் பாடத்தில் ஒரு போரைப் படிக்கும்போது, அது தொடங்கிய ஆண்டையும் முடிந்த ஆண்டையும் மனப்பாடம் செய்து விடுகிறோம். அப்போரில் மடிந்த ஏழைச் சிப்பாயின் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்பித்து, அதனால் நீதிமன்ற வழக்குக்கும் ஆளானவர் இத்தாலிய நாட்டுக் குருவானவர் லொரென்சோ மிலானி.

1923-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் ஃபிளாரன்ஸ் நகரில் ஒரு செல்வக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையில் ஓவியம் பயின்றார். 1943-இல் குருமடத்தில் சேர்ந்து 1947-இல் குருப்பட்டம் பெற்றார். முதலில் பணியாற்றிய பங்கில் தொழிலாள இளைஞருக்காக இரவுப் பள்ளி நடத்தினார். கட்சி வேறுபாடு பாராமல் எல்லாரையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

1954 டிசம்பரில் பர்பியானா என்னும் மலைச் சிற்றூருக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே நல்ல சாலையில்லை, மின்விளக்குமில்லை. பள்ளியில் தேறாமல் தள்ளப்பட்ட குடியானவப் பிள்ளைகளைத் தம் இல்லத்திலேயே கூட்டிப் பாடம் நடத்தினார். விடுமுறையே கிடையாது. மூத்தவர் இளையவருக்குக் கற்பித்தனர். செய்தித்தாளை வரிவரியாகப் படித்து விவாதித்தனர். மலையேறி வரும் விருந்தினரையும் மாணவர்கள் கேள்விகளால் துளைத்தெடுத்தனர்.

1965-இல் ஓய்வுபெற்ற படைக் குருக்கள் சிலர், மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்பது கோழைத்தனம் என்று அறிக்கை விட்டனர். அவ்வாறு மறுத்த இளைஞர் அந்நாளில் சிறையில் இருந்தனர். செய்தித்தாளில் அதைக் கண்ட தந்தை மிலானி பகிரங்கமாக மறுமொழி எழுதினார். நூறாண்டு காலத்து இத்தாலியப் போர்களை எடுத்துக்கொண்டு, அவை யாருடைய நலனுக்காக நடந்தன, யார் துன்புற்றனர் என்று ஆராய்ந்தார். அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. நோயுற்றிருந்ததால் எழுத்து மூலமே வாதாடினார். 1966-இல் விடுதலையானார். அவர் இறந்த பின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கடிதத்தைக் குற்றமென்றது. ஆயினும் 1972-இல் இத்தாலியச் சட்டமே ஆயுதம் ஏந்த மறுக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது.

1967-இல் அவருடைய மாணவர் எண்மர் சேர்ந்து, ஓர் ஆசிரியைக்குக் கடிதம் என்ற நூலை வெளியிட்டனர். ஏழைப் பிள்ளைகளைத் தேர்வில் தோற்கடித்து வெளியேற்றும் பள்ளி யாருக்காக என்று அதில் கேட்டனர். கீழ்ஊர்களிலிருந்து பர்பியானாவுக்கு ஒரு சிறுமிகூடப் படிக்க வரவில்லையே என்ற வருத்தமும் அந்நூலில் உண்டு. பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்ற எண்ணம் அங்கும் இருந்தது. நூல் வெளிவந்து சில வாரங்களில், ஜூன் 26-ஆம் நாள், தந்தை மிலானி 44-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பர்பியானாவுக்குச் சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

அன்புத் தோழியரே! அச்சிறுமிகளுக்குக் கிட்டாத வகுப்பறை நமக்குக் கிட்டியிருக்கிறது. இனிச் சமூக அறிவியல் நூலில் ஒரு போரையோ சட்டத்தையோ படிக்கையில், ஆணையிட்டவரின் பக்கம் நின்று ஒருமுறையும், அதைச் சுமந்தவரின் பக்கம் நின்று மறுமுறையும் படிப்போம். பிறர் துயரை அறிய அதுவே முதற்படி.