மொழியுரிமைக்கு வாழ்ந்த தந்தை செல்வா

நம் கீழ்பென்னாத்தூர் தாலுகா அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கச் செல்லும் விவசாயி எவரும், அதைத் தமிழில் எழுதலாமா என்று கேட்பதில்லை. கேட்டாக வேண்டிய நிலை வந்தால்? கடலுக்கு அப்பால் இலங்கையில் நம் மொழி பேசும் மக்களுக்கு அந்நிலை வந்தது. அதை மாற்றவே பிற்பகுதி வாழ்வு முழுவதையும் செலவிட்டவர், ஈழத் தமிழர் தந்தை செல்வா என்று போற்றும் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள்.

1898 மார்ச் 31-இல் மலேயாவின் ஈப்போ நகரில் பிறந்த அன்னார், யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வளர்ந்தார். 1918-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். ஆம், அவரும் நம்மைப் போல் அறிவியல் மாணவரே! கொழும்பில் அறிவியல் ஆசிரியராக இருந்து, சட்டம் பயின்று, உரிமையியல் வழக்குகளில் பெயர் பெற்றார். 1947-இல் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் புகுந்தபோது வயது 49.

மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றவராயினர். அச்சட்டம் கொண்டுவந்த அரசில் தம் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சராகச் சேரவே, செல்வா பிரிந்து 1949 டிசம்பர் 18-இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் தோற்றார், அதனால் சோர்ந்துவிடவில்லை.

பின்பு வந்தது 1956. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றது பண்டாரநாயக்காவின் அரசு. இதை வெறும் மொழிவெறி என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. அதுவரை ஆட்சி நடந்தது ஆங்கிலத்தில். தாய்மொழியில் மட்டும் படித்த சிங்களக் கிராமத்து இளைஞனுக்கு அரசு வேலை எட்டாக்கனி. அவன் குறை நியாயமானதே. ஆனால் யாழ்ப்பாணமோ ஆறில்லாத வறண்ட மண். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்று எழுத்தர் வேலைக்குச் செல்வதே பல குடும்பங்களுக்குச் சோறு. சிங்களத் தேர்வில் தேறாவிட்டால் அந்த வேலை நிலைக்காது என்றாயிற்று. ஒருவன் குறை தீர மற்றவன் வாயை அடைத்த சட்டம் அது!

மசோதா வந்த ஜூன் 5 அன்றே பாராளுமன்றத்துக்கு அருகே காலிமுகத் திடலில் செல்வா அறப்போர் நடத்தினார். தொண்டர்கள் தாக்கப்பட்டனர், திருப்பி அடிக்கவில்லை. 1957 ஜூலை 26-இல் பண்டாரநாயக்காவுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். சிங்களம் ஆட்சிமொழியாக இருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடக்கும். பிரதேச சபைகள் அமையும். எவருக்கும் இழப்பில்லாத ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் அமர்ந்தனர். 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். அவ்வாண்டே தமிழுக்கெனச் சிறப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதற்கான விதிகள் வந்ததோ 1966-இல்!

1961-இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் மறியல். தமிழரசுத் தபால்தலையும் வெளியிட்டனர். செல்வா சிறைவைக்கப்பட்டார். 1965-இல் டட்லி சேனநாயக்காவுடன் இரண்டாம் ஒப்பந்தம். அதுவும் முழுமையாக நிறைவேறவில்லை. நடுக்குவாத நோயால் கைகள் நடுங்கின, குரல் தேய்ந்தது. அந்நிலையிலும் 1972-இன் புதிய அரசியலமைப்பை எதிர்த்துப் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலை அரசு இரண்டாண்டுக்கு மேல் தள்ளிப்போட்டது. 1975 பிப்ரவரியில் நடந்தபோது பெருவாரியாக வென்றார்.

1977 ஏப்ரல் 26-இல் அவர் மறைந்தார். தமிழும் ஆட்சிமொழி என்று இலங்கை அரசியலமைப்பில் எழுதப்பட்டது, அதற்குப் பத்தாண்டு கழித்து, 1987-இல்.