அறிஞர் அல்பீரூனி

வணிகர்களாகிய நமக்கு ஒரு சங்கடம் பழக்கமானதே. ஒரே சரக்கைப் பற்றித் தரகர் ஒன்று சொல்வார். கப்பலில் வந்தவர் வேறொன்று சொல்வார். கடிதத்தில் மூன்றாவது ஒன்று இருக்கும். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? இந்த வேலையையே ஆயுள் முழுதும் செய்தவர் அபூரைஹான் அல்பீரூனி.

அன்னார் கி.பி. 973-ல் (ஹிஜ்ரி 362) குவாரிஸ்ம் நாட்டில், காத் நகரின் புறத்தே பிறந்தார். 995-ல் அரசர் கொல்லப்பட்டு நாடு கைமாறவே, ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. 997-ல் மீண்டும் காத்தில் இருந்தபோது, பக்தாதிலிருந்த அபுல்வபாவுடன் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, ஒரே சந்திர கிரகணத்தை இருவரும் அவரவர் ஊரிலிருந்து கவனித்தனர். ஊர் நேரங்களுக்கிடையே சுமார் ஒரு மணி வித்தியாசம். அதாவது சுமார் 15 பாகை தீர்க்கரேகை.

1017-ல் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைப் பிடித்து, அன்னாரையும் கஜ்னிக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு காபூலருகே ஒரு கிராமத்தில், கருவி எதுவும் கிட்டாத நிலையில், கணக்குப் பலகையில் வில்வட்டம் கீறி, நூல்குண்டு கட்டிச் சூரியனின் உயரத்தை அளந்தார். நாடிழந்தவர் மனம் அப்போதும் அளவில்தான் இருந்தது!

1025-ல் முடித்த கிதாபில் கஜ்னியிலிருந்து கிப்லாவின் திசையைத் திட்டமாகக் காண முனைந்தார். அதற்கு, பக்தாதுக்கு எவ்வளவு கிழக்கே கஜ்னி இருக்கிறது என்று தெரிய வேண்டும். கையிலிருந்தவை இரண்டு விதச் செய்திகள்: வானத்தை அளந்து கண்ட அட்சரேகைகள், வழிப்போக்கரும் வர்த்தகரும் சொன்ன பர்ஸக் தூரங்கள். பாதை வளைந்து செல்லுமாதலால், வழித்தூரத்தில் ஆறிலொரு பங்கு போலக் கழித்தார். நேர்த்தூரமும் வடக்கு-தெற்கு வித்தியாசமும் தெரிந்தால், கிழக்கு-மேற்கு வித்தியாசம் கணிதப்படி வந்தே தீரும். ஒரு வழியை மட்டும் நம்பினாரில்லை. ரை, பல்கு வழியாக ஒரு கணக்கு. ஷீராஸ், ஸிஜிஸ்தான் வழியாக இன்னொன்று. இரண்டும் அச்சாக ஒத்துவரவில்லை; இடைப்பட்டதை எடுத்தார். கிடைத்தது 24 பாகைக்குச் சற்று மேல். இன்றைய அளவுடன் ஒப்பிட்டால் பிழை அரைப் பாகைக்கும் குறைவு. ஒட்டகக்காரர் பேச்சிலிருந்து இவ்வளவு!

சமஸ்கிருதமும் கற்று, 1030-ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றிய பெருநூலை எழுதினார். கேள்விப்பட்டது கண்ணால் கண்டதற்கு ஈடாகாது என்பதே அதன் முகவுரையில் முதற் பேச்சு. சொல்பவர் எந்த லாபத்துக்காக, எந்தப் பகைக்காகப் பொய் சொல்வார் என்றும் அதிலே வகை பிரித்திருக்கிறார். நம் முத்து வியாபாரிகளுக்கு ஒரு செய்தி: ஸரந்தீப் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோனதையும், பின்னர் ஆப்பிரிக்காவின் சுபாலாவில் முத்து கிடைத்ததையும் அன்னார் குறிக்கிறார். முத்துகள் அங்கே குடிபெயர்ந்துவிட்டன என்பதை மட்டும், ஜனங்கள் சொல்வது என்றே எழுதி வைத்தார்.