கணித மேதை ஆலன் டூரிங்

எங்கள் கணினி வகுப்பில் ஒருநாள் கம்பைலருக்கே தேர்வு வைத்தோம். நாம் எழுதும் நிரலைக் கணினிக்குரிய மொழியில் மாற்றித் தருவது கம்பைலர். ஒருபோதும் இயங்க வழியில்லாத வரிகளை அது கண்டுபிடிக்குமா என்பதே கேள்வி. ரிட்டர்ன் என்னும் கட்டளைக்கு நேர் கீழே ஒரு வரி எழுதினோம். ஜாவா கம்பைலர் உடனே பிழை என்று நிறுத்திவிட்டது. அடுத்து, 2க்கு மேற்பட்ட இரட்டை எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, இரு பகா எண்களின் கூட்டுத்தொகையாக அமையாத எண் கிடைக்கும்வரை தேடச் சொன்னோம்; அதன் கீழே ஒரு வரி எழுதினோம். கம்பைலர் வாயே திறக்கவில்லை. அப்படி ஓர் எண் உண்டா என்பது 1742 முதல் எவரும் விடை காணாத புதிர்! கம்பைலர் தோற்றுவிட்டதா? இல்லை என்பதை, கம்பைலர்கள் தோன்றும் முன்பே காட்டியவர் ஆலன் டூரிங்.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. தாய் சாரா பிறந்த ஊர் கோவையை அடுத்த போத்தனூர் என்று அறிந்தபோது எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி! பெற்றோர் இந்தியாவில் இருக்க, ஆலனும் அண்ணன் ஜானும் இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தனர். 1926இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் பொது வேலைநிறுத்தம், இரயில் ஓடவில்லை. பதின்மூன்று வயது ஆலன் சுமார் 60 மைல் சைக்கிளில் சென்று சேர்ந்தார். பஸ் வராவிட்டால் விடுப்பு எடுக்கும் நாங்கள் இதைப் படித்து வெட்கப்பட்டோம். அப்பள்ளியில் உயிர்த் தோழனாயிருந்த கிறிஸ்டபர் மோர்கம் 1930இல் காசநோயால் இறந்தது அவரை வெகுவாக வாட்டியது.

பின்னர் கேம்பிரிட்ஜில் பயின்றார். 1936இல் எழுதிய கட்டுரையில், நாடாவில் குறிகளை எழுதி அழிக்கும் ஒரு கற்பனை எந்திரத்தைப் படைத்தார். ஓர் எந்திரம் குறிப்பிட்ட ஒரு குறியை என்றாவது எழுதுமா என்பதை, எல்லா எந்திரங்களுக்கும் தவறாமல் சொல்லும் முறை இருக்கவே முடியாது என்று நிறுவினார். எங்கள் வரிக்கும் அதே கதிதான். எல்லாம் அறிந்த ஒரு சோதகர் இருப்பதாகக் கொள்வோம். அவர் சொல்வதைக் கேட்டு, அதற்கு நேர்மாறாகவே நடக்கும் பிடிவாதக்கார நிரல் ஒன்றை எழுதுகிறோம். வரி இயங்கும் என்றால் இயங்காது. இயங்காது என்றால் இயங்கிவிடும். அவர் எதைச் சொன்னாலும் பொய்யாகும்! ஆகவே கம்பைலர் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லி, ஐயமுள்ள இடத்தில் மௌனம் காக்கிறது. அதைச் சோதிப்பவரும், இயங்காத வரியைப் பிடிக்கிறதா என்பதோடு, இயங்கும் வரிமீது வீண்பழி சுமத்தவில்லையே என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா இரகசியச் செய்திகளை உடைக்க உழைத்தார். 1949இல் கேம்பிரிட்ஜ் மாநாட்டில், பெரிய நிரல் ஒன்றைப் பகுதி பகுதியாகச் சரிபார்க்கும் வழியை விளக்கினார். எல்லாவற்றுக்கும் பொதுவான முறை இல்லை என்று நிறுவியவரே, தனித்தனி நிரல்களைச் சரிபார்க்க வழி தேடியதுதான் எங்களை மிகவும் கவர்ந்தது.

ஒருபாலுறவைக் குற்றமாகக் கருதிய அன்றைய ஆங்கிலச் சட்டம் 1952இல் அவரைத் தண்டித்தது. 42 வயது நிறைய 16 நாட்களே இருக்கையில், 1954 ஜூன் 7 அன்று அவர் மறைந்தார். அரச மன்னிப்பு வந்தது 2013இல்.