கடற்படைத் தளகர்த்தர் ஸ்டீபன் டெகேட்டர்

அமெரிக்கக் கடற்படையில் கீர்த்திபெற்ற ஸ்டீபன் டெகேட்டர் 1779ஆம் ஆண்டில் ஜனித்தார். அவர்தம் தந்தையார் முதன்முதல் தலைமை வகித்துச் செலுத்திய பிலடெல்பியா என்னும் யுத்தக்கப்பல், 1803 அக்டோபரில் வட ஆப்பிரிக்காவின் திரிப்போலித் துறைமுகத்தருகே தரைதட்டிப் பகைவர் வசமாயிற்று, முந்நூற்றுவர் சிறைப்பட்டனர். அதனை மீட்பது அரிதாகலின் எரித்தொழிப்பதென மேலதிகாரிகள் துணிந்தனர். 1804 பிப்ரவரி 16ஆம் தேதி இரவு, முன்னர்ப் பகைவரிடம் கைப்பற்றிய சிறுகலமொன்றில் வர்த்தகர்போல் வேடம் பூண்டு சென்ற டெகேட்டர், தந்தையார் ஆண்ட கப்பலைத் தாமே தீக்கிரையாக்கினார். தம்மவருள் ஒருவரும் மாளாது மீண்டார். மைந்தனுக்கு இப்பணி வாய்த்த விந்தையை என்னென்பது! 1812இல் ஆங்கிலேயரின் மாசிடோனியன் கப்பலைச் சிறைபிடித்தார். 1815இல் தமது பிரெசிடெண்ட் கப்பலை அவர்களிடமே இழந்தார். பீரங்கிகளுக்குத் தப்பிய அவ்வீரர், இராணுவ விசாரணையில் தம்மால் தண்டிக்கப்பட்டோராகிய பாரன் என்னும் சக அதிகாரியுடன் 1820 மார்ச் 22ஆம் தேதி துவந்தயுத்தம் புரிந்து, குண்டுபட்டு அன்றிரவே உயிர்நீத்தார்.