நெடியை அடக்கிய பெர்த்தோலே

முதல் வருஷம் ஹாஸ்டல் கக்கூஸ் கழுவும் முறை எனக்கு வந்தது. ஆசிட் ஊற்றினேன், கறை போகவில்லை. இன்னும் நல்லா வெளுக்கட்டுமே என்று அதன் மேலேயே பிளீச்சிங் திரவத்தையும் ஊற்றினேன். அவ்வளவுதான், தொண்டையை யாரோ நெரிப்பது போல் ஆகிவிட்டது. வாட்ச்மேன் அண்ணன்தான் என்னை வெளியே இழுத்துப் போட்டார். கெமிக்கல் டிப்ளமோ படிக்கிறவனுக்கு இந்தக் கதி! அந்த வெட்கத்தில் லைப்ரரியில் தேடியபோது அறிமுகமானவர்தான் கிளாட் லூயி பெர்த்தோலே.

1748-ல் சவாய் பகுதியில், தல்வார் என்ற ஊரில் பிறந்தவர். டூரினில் மருத்துவம் படித்து, 1772-ல் பாரிஸ் வந்தார். ஆனால் அவரை இழுத்தது ரசாயனம். 1784-ல் பிரெஞ்சு அரசின் சாயத் தொழிலை மேற்பார்க்கும் பதவி கிடைத்தது.

அந்தக் காலத்தில் துணி வெளுப்பது சும்மாவா? கார நீரில் அவித்து, புல்வெளியில் விரித்து, வெயிலில் காயப்போட்டு, புளித்த பாலில் ஊறவைத்து, மறுபடி முதலிலிருந்து... மாதக்கணக்காகும். 1774-ல் ஸ்வீடனில் ஷீலே கண்டறிந்த குளோரின் வாயுவுக்குப் பூக்களின் நிறத்தைப் போக்கும் குணம் உண்டு. அதை 1785-ல் பெர்த்தோலே துணியில் சோதித்தார். துணி வெளுத்தது. ஆனால் குளோரின் நீரின் நெடி வேலையாட்களின் மூச்சை அடைத்தது. பொட்டாஷ் கரைசலில் குளோரினைச் செலுத்தியதும் நெடி அடங்கியது. பாரிஸ் அருகே ஜாவேல் ஆலையில் அது தயாரானதால் ஜாவேல் நீர் என்றே பெயர் வந்தது. பிறகு பொட்டாசியத்தின் இடத்தில் சோடியம் வந்தது. அதுதான் இன்று நம் வீட்டுப் பாட்டிலில் இருப்பது.

இதை வைத்து அவர் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். ஆனால் காப்புரிமை கேட்கவில்லை. 1786-ல் பாரிஸ் வந்த நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட்டுக்கும் செய்முறையை மறைக்காமல் காட்டினார். வாட் அதை ஸ்காட்லாந்தில் துணி வெளுக்கும் தொழில் நடத்திய தன் மாமனாரிடம் கொண்டு சேர்த்தார்.

1798-ல் நெப்போலியனுடன் எகிப்து போனார். அங்கே உப்பு ஏரிக் கரைகளில் சோடா படிந்திருப்பதைப் பார்த்தார். ஆய்வகத்தில் நடக்கும் வினை இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது! பொருளின் அளவு மாறினால் வினையின் திசையும் மாறலாம் என்று கண்டார். 1803-ல் வெளிவந்த நூலில் இதை விரிவாக விளக்கினார். 1822-ல் ஆர்கேயில் காலமானார்.

என் தவறு இப்போது புரிகிறது. அவர் காரத்தில் அடக்கி வைத்த குளோரினை, நான் ஆசிட் ஊற்றித் திறந்து விட்டிருக்கிறேன்.

பாட்டிலின் மேல் கம்பெனி பெயர் இருக்கிறது, பெர்த்தோலே பெயர் இல்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை. நண்பர்களே, நாளை நாம் கற்றதையும் பூட்டி வைக்காமல் பகிர்ந்துகொள்வோம். அதுவரை தயவுசெய்து ஆசிட்டையும் பிளீச்சையும் மட்டும் ஒன்றாக ஊற்றாதீங்க!